ஹாம்ஸ்டருக்கு ஏற்ற கூடு எது?

  

நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் உயரமான கம்பங்களின் மேல் மரப்பெட்டிகள் பொருத்தப்பட்டிருப்பதை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். செம்பனைப் பழங்களைத் தின்று அழிக்கும் எலிகளை வேட்டையாடுவதற்காகக் கூகைகளை வரவழைக்கும் பெட்டிகள் அவை. கூகையை யாரும் பிடித்து வந்து அப்பெட்டியினுள் அடைப்பதில்லை. பெட்டியின் உயரமும் வாயிலும் உள்ளிடமும் தன் இயல்புக்குப் பொருந்தியிருந்தால் அது தானே வந்து குடியேறுகின்றது. பொருந்தாவிடில் வேறிடம் பார்த்துக்கொள்கின்றது. ஓர் உயிருக்கு வீடு அமைப்பவர் முதலில் அவ்வுயிரின் இயல்பை அறிந்திருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை அப்பெட்டிகள் நமக்குக் கற்பிக்கின்றன.

செல்லப் பிராணியாக நாம் வாங்கி வளர்க்கும் ஹாம்ஸ்டருக்கோ அத்தகைய உரிமை இல்லை. கூடு பிடிக்கவில்லை என்று அது வேறிடம் போக இயலாது. நாம் எதைத் தருகின்றோமோ அதற்குள்தான் அதன் வாழ்நாள் முழுவதும் கழிய வேண்டும். ஆகவேதான் அதன் கூட்டைத் தேர்ந்தெடுப்பது சிறு செயலாகத் தோன்றினும் பெரும் பொறுப்பாகின்றது.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியொன்றை முதலில் கூறிவிடுகின்றேன். என் வகுப்பு மாணவி ஒருத்தி பிறந்தநாள் பரிசாக ஒரு ஹாம்ஸ்டரைப் பெற்றாள். அதனுடன் கிடைத்த கம்பிக்கூண்டு ஒரு சாண் அகலமும் ஒன்றரைச் சாண் நீளமுமே உடையது. "ஐயா, அது இரவெல்லாம் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கிறது, பல்லைத் தீட்டுகிறதாம், அப்பா சொன்னார்" என்று அவள் மகிழ்ச்சியோடு கூறினாள். நானும் அன்று அதை நம்பிவிட்டேன். பள்ளி விடுமுறையில் ஒரு நாள், குடும்பத்தினர் வெளியே சென்றிருந்த வேளையில், தகரக் கூரையின் கீழ்ச் சன்னலோரம் வைக்கப்பட்டிருந்த அக்கூண்டின்மீது பிற்பகல் வெயில் விழுந்தது. மாலையில் திரும்பி வந்தபோது அச்சிற்றுயிர் அடங்கிப் போயிருந்தது. அம்மாணவி அதன்மேல் கொண்டிருந்த அன்பில் குறையொன்றும் இல்லை. அவளுக்கும் அவள் பெற்றோருக்கும் எனக்கும் குறைவாக இருந்தது அறிவுதான். அக்குறை மற்றோர் இல்லத்தில் நேரக்கூடாது என்பதே என் விருப்பம்.

யார் இந்த விருந்தாளி?

கடைகளில் பெரிதும் விற்கப்படும் பொன்னிற ஹாம்ஸ்டரின் தாயகம் சிரியா நாட்டின் அலெப்போ நகரைச் சூழ்ந்த சமவெளியும் அதனையடுத்த துருக்கியின் தென்பகுதியும் ஆகும். 1839-ஆம் ஆண்டிலேயே அறிவியலார் இதற்குப் பெயரிட்டுவிட்டனர். எனினும், 1930-ஆம் ஆண்டில் இசுரேல் அகரோனி என்னும் விலங்கியல் அறிஞர் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுத்துச் சென்ற பின்னரே இது மனிதர் கையில் வளரத் தொடங்கியது. எருசலேமில் அக்குட்டிகளை மரத்தளம் கொண்ட கூண்டில் விட்டார்கள். அவற்றுள் சில அத்தளத்தைக் கடித்துத் துளைத்து வெளியேறிவிட்டன! எஞ்சிய சிலவற்றின் வழித்தோன்றல்களே இன்று உலகெங்கும் வீடுகளில் வளர்கின்றன. தகுதியற்ற கூண்டு என்னும் சிக்கல், பாருங்கள், முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது.

காட்டில் இவ்வுயிர் மண்ணைத் தோண்டி வளை அமைத்து வாழ்கின்றது. சிரியாவில் ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்த வளைகள் சராசரியாக 65 செண்டிமீட்டர் ஆழம் இருந்தன. சில ஒரு மீட்டரையும் தாண்டின. வளையொன்றில் வளர்ந்த ஹாம்ஸ்டர் ஒன்றே வாழும். உணவைக் கன்னப்பைகளில் அடைத்து வந்து வளையினுள் சேமித்து வைக்கும். இதன் கண் பார்வை கூர்மையற்றது; உயரத்தை மதிப்பிடத் தெரியாது. மோப்பமே இதற்கு வழிகாட்டி. வீட்டில் வளரும்போது இரவில் விழித்துப் பகலில் உறங்கும். வாழ்நாள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்.

இவ்விவரங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இனிக் கூறப்போகும் விதிகள் யாவும் இவற்றிலிருந்தே பிறக்கின்றன.

முதல் விதி: தரையின் பரப்பு

கடையில் கூண்டு வாங்கச் செல்வோர் பெரும்பாலும் அதன் நிறத்தையும் மாடிகளையும் வளைந்து செல்லும் குழாய்களையும் பார்க்கின்றனர். நாம் பார்க்க வேண்டியது தரையின் அளவு. 100 செண்டிமீட்டர் நீளமும் 50 செண்டிமீட்டர் அகலமும், அதாவது 5,000 சதுர செண்டிமீட்டர் பரப்பு, ஒரு ஹாம்ஸ்டருக்குத் தேவை எனக் கொள்ளுங்கள். இதனினும் பெரிதாயின் மிக நன்று. உயரம் 50 செண்டிமீட்டர் அளவில் இருக்கலாம்.

மாணவர்களே, இப்பரப்பு எவ்வளவு என்பதை நீங்களே கண்டறியலாம். எட்டு ஏ4 தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கை நிறுத்தி அருகருகே வைத்து, அவற்றின் கீழே மேலும் நான்கை அவ்வாறே அடுக்குங்கள். எட்டுத் தாள்களும் சேர்ந்து ஏறக்குறைய 5,000 சதுர செண்டிமீட்டர் வரும். கடையில் உள்ள கூண்டினுள் எத்தனை தாள் விரிக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். என் மாணவியின் கூண்டு ஒரு தாளுக்குச் சற்றே பெரியது.

மேல்மாடிகளைத் தரைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. உயரத்தை அறியாத உயிர், மாடியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ளும். கம்பித் தளமும் கூடாது. மெல்லிய கால்கள் இடுக்கில் சிக்கிக்கொள்ளும்.

இடநெருக்கடி என்றால் என்ன என்பதை நம் மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒற்றையறை லயத்து வீட்டில் எட்டுப் பேர் படுத்துறங்கிய நாள்களை நம் பாட்டன்மார் மறக்கவில்லை. தோட்டங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பெற்றோரும் அதனை அறிவர். ஆயினும் அந்த வீட்டுக்கு ஒரு வாசல் இருந்தது. வெளியே வந்து காற்று வாங்கலாம். கூண்டில் வாழும் உயிர்க்கு அதுவும் இல்லை.

இரண்டாம் விதி: தோண்டுவதற்கு ஆழம்

தரைக்கு அடுத்தது ஆழம். கூட்டின் அடியில் பரப்பும் விரிப்புப் பொருள் குறைந்தது 20 செண்டிமீட்டர் உயரம் இருத்தல் வேண்டும். 30 செண்டிமீட்டர் இருப்பின் இன்னும் சிறப்பு. இரண்டு விரற்கடை உயரத்திற்குத் தூவிவிட்டு நிறுத்திக்கொள்வது போதாது.

இது வெறும் ஆடம்பரமன்று. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 செண்டிமீட்டர் ஆழமுள்ள விரிப்புகளில் தனித்தனியே வளர்த்துப் பார்த்தனர். 10 செண்டிமீட்டர் ஆழத்தில் வாழ்ந்தவை மற்றவற்றைக் காட்டிலும் மிகுதியாகக் கம்பியைக் கடித்தன. 80 செண்டிமீட்டர் ஆழத்தில் வாழ்ந்தவற்றிடம் அப்பழக்கம் காணப்படவேயில்லை. கம்பியைக் கடிப்பது பல் தீட்டுவதற்கன்று. தோண்டவும் ஓடவும் வழியற்ற உயிரின் தவிப்பு அது. இந்த ஒன்றை நான் முன்னரே அறிந்திருந்தால், என் மாணவிக்கு வேறு விடை கூறியிருப்பேன்.

விரிப்புக்குத் தூசியற்ற காகித விரிப்பு ஏற்றது. கடைகளில் செல்லப் பிராணிகளுக்கென விற்கப்படும் ஆஸ்பென் மரச்சீவலும் ஆகும். அச்சுமை இல்லாத வெள்ளைத் தாளைக் கிழித்தும் உலர்ந்த புல்லைக் கலந்தும் பயன்படுத்தினால் செலவு குறையும். வளையும் இடியாமல் நிற்கும். மணம் மிகுந்த தேவதாரு, பைன் மரச்சீவல்கள் மூச்சுக்குழாய்க்குத் தீங்கு செய்வதால் அவற்றை விலக்குக. மர ஆலையிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் மரத்தூளும் வேண்டா. அதில் நுண்தூசி மிகுதி. மரத்தில் என்ன மருந்து தெளித்தார்கள் என்பதையும் நாம் அறியோம். பஞ்சு மென்மையானது என்று எண்ணி வைத்துவிடாதீர்கள். அதன் இழை காலில் சுற்றிக்கொள்ளும். கன்னப்பையிலும் குடலிலும் அடைத்துக்கொள்ளும். கிழித்துப் போட்ட வெள்ளை மெல்லிழைத் தாளே நல்ல மெத்தை.

மூன்றாம் விதி: கூட்டின் வகை

கூடுகளைப் பொதுவாக மூன்று வகைப்படுத்தலாம்.

கம்பிக்கூண்டு காற்றோட்டம் மிக்கது. நம் வெப்ப நாட்டிற்கு அது நன்மையே. ஆனால் அடித்தட்டு ஆழமாக இல்லாவிடில் விரிப்பு வெளியே சிதறும். கம்பிகளின் இடைவெளி, பொன்னிற ஹாம்ஸ்டருக்கு ஒரு செண்டிமீட்டருக்கு மேற்படாமலும், குள்ள வகைகளுக்கு அரை செண்டிமீட்டர் அளவிலும் இருத்தல் வேண்டும். தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும்.

கண்ணாடித் தொட்டி ஆழமாக விரிப்பிட ஏற்றது. மீன் வளர்த்துக் கைவிட்ட பழைய தொட்டி குறைந்த விலையில் கிடைக்கக்கூடும். நன்கு கழுவி உலர்த்தி, கூர்முனை இல்லையென உறுதிசெய்து பயன்படுத்தலாம். காற்று மேல்வழியாக மட்டுமே செல்லுமாதலால் மூடி முழுவதும் கம்பிவலையாக இருத்தல் கட்டாயம்.

மூன்றாவது, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி. துணிமணி அடுக்கி வைக்க நம் வீடுகளில் பயன்படுத்தும் பெட்டியே இது. விலை குறைவு, கனமும் குறைவு. மேற்கூறிய தரையளவு உடையதைத் தேடிப் பிடித்தால், வீட்டிலேயே நல்ல கூடு அமைத்துவிடலாம். அதன் செய்முறை வருமாறு:

1. மூடியின் நடுப்பகுதியைப் பெரிய சன்னலாக வெட்டி எடுக்க வேண்டும். பக்கச் சுவர்கள் இரண்டின் மேற்பாதியிலும் ஒவ்வொரு சன்னல் வெட்டினால் காற்று ஊடுருவிச் செல்லும். கத்தியைக் கையாள்வது பெரியவர் வேலை. மாணவர்கள் அளந்து கோடிடலாம்.

2. சிறு கண்களுடைய கம்பிவலையைச் சன்னலைவிட எல்லாப் புறமும் இரண்டு செண்டிமீட்டர் பெரிதாக வெட்டி, திருகாணியும் மரையும் கொண்டு இறுக்குக.

3. வலையின் வெட்டுமுனைகள் உட்புறம் நீட்டிக்கொண்டிராதவாறு மடித்து மூடுக. கையால் தடவிப் பார்த்து, கீறவில்லை என்று கண்ட பின்பே வேலை முடிந்ததாகக் கொள்க.

4. மூடி இறுக்கமாகப் பூட்டிக்கொள்கின்றதா எனச் சோதிக்க. உள்ளிருப்பது வெளியே வராமல் இருப்பதற்கு மட்டுமன்று, வெளியே உள்ள பூனையும் காட்டெலியும் பாம்பும் உள்ளே புகாமல் இருப்பதற்கும் இது தேவை.

உள்ளே வைக்க வேண்டியவை

ஓட்டச் சக்கரம் இன்றியமையாதது. இரவில் பல கிலோமீட்டர் ஓடும் இயல்புடைய உயிர் இது. பொன்னிற ஹாம்ஸ்டருக்குச் சக்கரத்தின் விட்டம் 28 செண்டிமீட்டரும், குள்ள வகைக்கு 20 செண்டிமீட்டரும் இருந்தால்தான் முதுகு வளையாமல் ஓட முடியும். ஓடுதளம் இடைவெளியற்றதாக இருக்க வேண்டும். ஏணிப்படி போன்ற கம்பிச் சக்கரம் காலை முறிக்கும்.

ஒளிந்துறங்க ஒரு மறைவிடம் தேவை. தூய்மை செய்து காயவைத்த தேங்காய்ச் சிரட்டையில் உடல் எளிதாக நுழையும் அளவிற்கு வாயில் வெட்டி வைக்கலாம். கவிழ்த்து வைத்த சிறு மண்சட்டி நம் நாட்டு வெப்பத்திற்குக் குளிர்ச்சி தரும் நல்ல குடில். ஆனால் ஓர் எச்சரிக்கை: சக்கரம், சட்டி, ஓடு போன்ற கனமான பொருள்களை விரிப்பின் மேல் வெறுமனே வைக்கக்கூடாது. ஹாம்ஸ்டர் அடியில் தோண்டும்போது அவை சரிந்து அதன்மேல் விழும். பெட்டியின் அடித்தளத்தில் ஊன்றிய கால்களின் மேல் ஒரு பலகையைத் தாங்கவிட்டு, அதன்மேல் வைத்தல் வேண்டும்.

தண்ணீர்க் குப்பி அல்லது தாழ்ந்த கனமான கிண்ணம், குளித்துப் புரள நன்கு காய்ந்த தூய மணல் ஒரு தட்டில், கடித்துப் பல் தேய்க்க மரத்துண்டு ஆகியவையும் வேண்டும். மணலே தேவை, மாவு போன்ற தூசி நுரையீரலைக் கெடுக்கும். துணைக்கு ஒன்றிருக்கட்டும் என்று இரண்டு பொன்னிற ஹாம்ஸ்டர்களை ஒரே கூட்டில் விடாதீர்கள். தனித்து வாழப் பிறந்தவை அவை; ஒன்றையொன்று கடித்துக் கொன்றுவிடும்.

கூட்டை எங்கே வைப்பது?

நல்ல கூடும் தகாத இடத்தில் வைக்கப்பட்டால் கொலைக்களமாகிவிடும். ஹாம்ஸ்டருக்கு உகந்த வெப்பநிலை ஏறக்குறைய 18 முதல் 24 பாகை செல்சியஸ். நம் நாட்டிலோ பிற்பகலில் 30 பாகையைத் தாண்டுவது அன்றாட வழக்கம். எனவே வீட்டிலேயே மிகக் குளிர்ந்த அறையின் தாழ்வான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகரக் கூரையை ஒட்டிய உயரமான அலமாரி, மாடி முகப்பு, வெயில் படும் சன்னல் ஆகியவை ஆகா. காலையில் நிழலாக உள்ள இடம் மாலையில் வெயிலாகலாம். ஒரு நாள் முழுவதும் பார்த்தறிந்த பின்னரே கூட்டை வையுங்கள்.

வெப்பம் மிகுந்த நாள்களில், உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிச்சுவரோடு சாய்த்து வைக்கலாம். உள்ளே ஒரு பளிங்கு ஓட்டுத் துண்டு இருந்தால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். உடலை நீட்டிச் சோர்ந்து கிடந்து மூச்சு வாங்கினால், உடனே குளிர்ந்த இடத்திற்கு மாற்றிக் கால்நடை மருத்துவரை நாடுங்கள். பனிநீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியிலேயே இறந்துவிடும்.

கொசுவத்திப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகை, பூச்சிக்கொல்லித் தெளிப்பு ஆகியவை அண்டாத இடமாகவும் இருத்தல் வேண்டும். தொலைக்காட்சியின் அருகே வைத்தால் பகலுறக்கம் கெடும்.

சேமித்த உணவைத் தேடி எறும்பு வரும். பண்டங்கள் வைக்கும் அலமாரியின் கால்களுக்கு அடியில் நீர்க்கிண்ணம் வைக்கும் நம் தாய்மாரின் பழைய முறை இங்கும் பயன்படும். ஆனால் தேங்கிய நீரில் டிங்கிக் காய்ச்சல் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆதலால் வாரம் இருமுறை நீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பின்னரே மீண்டும் நிரப்புக.

துப்புரவு

தூய்மை என்ற பெயரில் வாரந்தோறும் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவுவது தவறு. மோப்பத்தால் வாழும் உயிருக்குத் தன் மணமே வீட்டின் அடையாளம். பெரும்பாலும் ஒரே மூலையில்தான் அது சிறுநீர் கழிக்கும். அந்த மூலையின் ஈர விரிப்பையும் அழுகும் உணவையும் நாள்தோறும் அகற்றினால் போதும். முழு விரிப்பை மாற்ற வேண்டிவரும்போதும், பழையதில் தூய்மையான பகுதியைப் புதியதோடு கலந்து வையுங்கள். கூட்டைத் தொடும் முன்னும் பின்னும் சவர்க்காரம் இட்டுக் கைகழுவுதல் கட்டாயம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

ஹாம்ஸ்டரின் விலையைவிட அதன் வீட்டின் விலை கூடுதல். இதனை மறைத்துப் பயனில்லை. ஆகவே முதலில் பெட்டியையும் விரிப்பையும் சக்கரத்தையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து, வீடு முழுமையாக அமைந்த பின்னரே உயிரை வாங்குங்கள். பிள்ளைகள் உண்டியலில் சேமித்துக் காத்திருக்கட்டும். அக்காத்திருப்பே அவர்களுக்குப் பொறுப்பைக் கற்பிக்கும். இயலாதெனத் தோன்றினால், இப்போது வேண்டாம் என்று சொல்வதும் அன்பே. வளர்க்க முடியாமல் போனால் புதரிலோ தோட்டத்திலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். வறண்ட சமவெளியின் வழிவந்து மனிதர் கையில் வளர்ந்த உயிர் இங்குப் பிழைக்காது.

குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனின் வரலாற்றை நம் பாடநூல்களில் படித்திருக்கின்றோம். அவ்வள்ளலின் ஈரநெஞ்சம் என்றும் போற்றத்தக்கது. அந்த நெஞ்சத்தோடு, அவ்வுயிருக்கு வேண்டியது யாது என்று கேட்டறியும் அறிவையும் நாம் சேர்த்துக்கொள்வோம். வண்ணக் கூண்டு நம் கண்ணுக்கு விருந்து. அகன்ற தரையும் ஆழ்ந்த விரிப்பும் குளிர்ந்த நிழலுமே அதற்கு வாழ்வு.

என் மாணவி மீண்டும் ஒரு ஹாம்ஸ்டர் வளர்க்க விரும்பினாள். இம்முறை முதலில் எட்டுத் தாள்களைத் தரையில் விரித்தாள். அவள் தந்தையார், பால்வெட்டு முடிந்து வந்த மாலைப் பொழுதுகளில், கம்பிவலையை முறுக்கிப் பெட்டியைச் செய்து முடித்தார். இப்போது அது இரவில் கம்பியைக் கடிப்பதில்லை. "மண்ணுக்குள்ளே போய்விடுகிறது ஐயா, கண்ணுக்கே தெரிவதில்லை" என்று அவள் குறைபட்டுக்கொள்கின்றாள்.

அக்குறை நல்ல குறை. கண்ணுக்குத் தெரியாத அந்த ஆழத்தில்தான் அதன் வீடு இருக்கின்றது.